1.46 பாயிண்ட் எங்கேர்ந்து வந்துச்சு

மன்னார்குடியில இருக்குற என் அக்கா பொண்ணு நேத்து ராத்திரி ஒரு நீளமான வாய்ஸ் நோட் அனுப்பிருந்தா. அவளும் அவளோட எட்டு வயசு பொண்ணும் சேந்து 2025 அமெரிக்க நேஷனல் ஃபிகர் ஸ்கேட்டிங் வீடியோவ உக்காந்து பாத்திருக்காங்க. "மாமா, முதல் நாள் அலீசா லியூதான முன்னாடி இருந்தா, கடைசியில ஆம்பர் க்ளென்னுக்கு தங்கம் போயிடுச்சு, வித்தியாசம் ஒன்றரை பாயிண்ட் கூட இல்ல, இது எப்படி? மேடையில நாலு பேர் மெடலோட நிக்கிறாங்களே அது என்ன கணக்கு? வெண்கலம் வாங்குன பொண்ண உலகப் போட்டிக்கு அனுப்பவே இல்லையாமே? அப்புறம் நம்ம பாப்பா ரோலர் க்ளாஸ் போறாளே, அவ இந்த மாதிரி வர முடியுமா?" இதான் கேள்வி. போன்ல சொன்னா பாதியில கட்டாயிடும், அதான் எழுதுறேன், மத்தவங்களுக்கும் உதவும். நான் ஒம்பது வருஷம் ஒஹையோவுல கொலம்பஸ் ஊர்ல வேலை பாத்தவன், அங்க பழகின பழக்கம் இது, கும்பகோணம் திரும்பி வந்தப்புறமும் விடல, தை மாசம் அறுப்பு வேலைக்கு நடுவுலயும் காலைல எழுந்து பாத்துடுவேன், அவங்களுக்கு சாயங்காலம்னா நமக்கு விடியக்காலைங்குறதால அதுல ஒரு வசதி இருக்கு.

முதல்ல அந்த 1.46-ஐ பாத்துடுவோம். போட்டி நடந்தது கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவுல, 2025 ஜனவரி கடைசி வாரம். இந்த போட்டியில ஒவ்வொருத்தரும் ரெண்டு தடவை ஆடணும். முதல்ல ஷார்ட் ப்ரோக்ராம், ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். அப்புறம் வேற ஒரு நாள் ஃப்ரீ ஸ்கேட், நாலு நிமிஷம். ரெண்டையும் கூட்டி வர்றதுதான் ரிசல்ட், முதல் நாள் முதலிடம்ங்குறதுக்கு தனியா மதிப்பு எதுவும் கிடையாது. லியூ ஷார்ட்ல 76.36 எடுத்தா, க்ளென் 70.91 எடுத்து மூணாவதா இருந்தா, அதாவது 5.45 பின்னாடி. ஃப்ரீ ஸ்கேட்ல க்ளென் 145.88, லியூ 138.97, இங்க க்ளென் 6.91 முன்னாடி. 6.91-லேர்ந்து 5.45-ஐ கழிச்சுப் பாரு, 1.46 வரும். மொத்தம் க்ளென் 216.79, லியூ 215.33. அவ்வளவுதான் கணக்கு, யாரும் யாருக்கும் தூக்கிக் குடுக்கல.

ஆனா நீ கேக்குறது இந்த கூட்டல் கழித்தல் இல்லனு எனக்குத் தெரியும், அந்த 145-ம் 138-ம் எப்படி வந்துச்சுனுதான கேக்குற. அத சொல்றதுக்கு நம்ம ஊர்ல நெல்லு போடுற இடத்த விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. கொள்முதல் நிலையத்துல என்ன நடக்குது, சன்ன ரகத்துக்கு ஒரு விலை பொது ரகத்துக்கு ஒரு விலைனு முன்னாடியே அறிவிச்சுட்றாங்க, நீ கொண்டுபோற நெல்லு எந்த ரகம்னு ஒருத்தர் பாப்பாரு, அப்புறம் மிஷின்ல போட்டு ஈரப்பதம் பாப்பாங்க, பதினேழு சதவீதத்துக்கு மேல போச்சுன்னா நிறுத்திடுவாங்க, கருக்கா தூசி எவ்ளோனு பாப்பாங்க. ரகம் வேற, தரம் வேற, ரெண்டும் சேந்துதான் கைக்கு வர்ற பணம். ஸ்கேட்டிங்லயும் அப்படியேதான். ஒவ்வொரு ஜம்ப்புக்கும் முன்கூட்டியே அறிவிச்ச அடிப்படை விலை ஒண்ணு இருக்கு. டபுள், ட்ரிபிள், க்வாட்னா காத்துல ரெண்டு, மூணு, நாலு சுத்து, கூட வர்ற பேரு எப்படி தாவுறாங்கங்குறத சொல்றது. ட்ரிபிள் டோ லூப் 4.2, ட்ரிபிள் சால்க்கோ 4.3, லூப் 4.9, ஃப்ளிப் 5.3, லட்ஸ் 5.9, ட்ரிபிள் ஆக்ஸல் மட்டும் ஒரே தாண்டா தாண்டி 8.0. இது எந்த ரகம்னு சொல்றதுக்கு டெக்னிக்கல் பேனல்னு மூணு பேர் வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாப்பாங்க, அவங்கதான் சுத்து முழுசா வந்துச்சா, கால் பங்கு குறைஞ்சுதா, பாதி குறைஞ்சுதானு முடிவு பண்றவங்க. அவங்கள தவிர தனியா ஒம்பது ஜட்ஜுங்க உக்காந்திருப்பாங்க, அவங்க தரத்துக்கு மைனஸ் அஞ்சுலேர்ந்து ப்ளஸ் அஞ்சு வரைக்கும் போடுவாங்க, அதுல மிக அதிகமானதையும் மிகக் குறைச்சலானதையும் தூக்கிப்போட்டுட்டு மீதி ஏழோட சராசரிதான் எடுத்துக்குவாங்க. ஒரு ப்ளஸ்ஸுங்குறது அந்த ஜம்ப்போட விலையில பத்து சதவீதம். ஆக எட்டு பாயிண்ட் ட்ரிபிள் ஆக்ஸல ஒருத்தி அழகா எறங்கி ப்ளஸ் மூணு வாங்குனா 10.4.

இப்ப டபுள் ஆக்ஸலோட விலை என்ன தெரியுமா, 3.3. ட்ரிபிளுக்கும் டபுளுக்கும் நடுவுல 4.7 வித்தியாசம், ஒரே ஒரு ஜம்ப்புல. நீ பாத்த தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த வித்தியாசத்த விட மூணு மடங்கு. க்ளென் கையில இருக்குற பெரிய ஆயுதமே இந்த ட்ரிபிள் ஆக்ஸல்தான், அமெரிக்க பொண்ணுங்கள்ல அத விடாம போட்டிக்குப் போட்டி முயற்சி பண்றவங்க ரொம்ப கம்மி. லியூ பதிமூணு வயசுல அதே ஜம்ப்ப போட்டுத்தான் 2019-ல நேஷனல் ஜெயிச்சா, அமெரிக்க பெண்கள் பிரிவுல அவ்ளோ சின்ன வயசுல ஜெயிச்சவங்க வேற யாரும் இல்ல, 2020-லயும் ஜெயிச்சா. பதினாறு வயசுல போதும்னு விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பி வந்தப்ப அந்த ஜம்ப் இல்லாமதான் வந்தா. அது இல்லாமலே 1.46 தூரத்துல வந்து நின்னாங்குறதுதான் என்னைப் பொறுத்தவரை விச்சிட்டாவோட பெரிய சேதி, நீ அத தோல்வினு பாக்காத.

விழுந்தவங்களுக்கு எப்படி மார்க் வருதுனு பாப்பா கேட்டாளே, அதையும் இதுலயே சொல்லிடுறேன். விழுந்தா தரத்துல மைனஸ் அஞ்சு, அதாவது பாதி விலை போச்சு, அதுக்கு மேல தனியா ஒரு பாயிண்ட் வெட்டு, மூணாவது தடவை விழுந்தா வெட்டு ரெண்டு பாயிண்ட் ஆயிடும். ட்ரிபிள் ஆக்ஸல் போட்டு விழுந்தா எட்டுல நாலு போயி, அதுல ஒண்ணு போயி, கையில நிக்கிறது மூணு. அதுக்கு பதிலா டபுள் ஆக்ஸல் சுத்தமா போட்டு ப்ளஸ் ரெண்டு வாங்கிருந்தா 3.96. ஆக அவளுக்கு விழறது நஷ்டம். ஆனா ஆம்பளைங்க போடுற க்வாட் லட்ஸ் விலை 11.5, அதுல முழுசா சுத்திட்டு விழுந்தா 5.75 மிஞ்சும், ஒரு பாயிண்ட் வெட்டுனா 4.75, சாதாரண ட்ரிபிள் சால்க்கோவோட அடிப்படை விலையையே தாண்டிடுது. அதனாலதான் விழுந்து எந்திரிச்சவன் மேல போயிட்றான், விழாதவன் கீழ நிக்கிறான். எனக்கு இதுல முழு சம்மதம் கிடையாது, விழுந்தா அந்த ஆட்டத்தோட ஓட்டமே அறுந்து போகுது, அதுக்கு ஒரு பாயிண்ட் போதாதுனுதான் நான் நினைக்கிறேன், ஆனா விலைப்பட்டியல் எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சதுதான், அந்த வகையில நியாயம்.

2024 நேஷனல் கொலம்பஸ்லயே நடந்துச்சு, அப்ப நான் அங்கதான் இருந்தேன், மேல் தட்டுல ஒரு சீட்டு கிடைச்சுது. முதல் நாள் இசபோ லெவிட்டோதான் முன்னாடி. ஃப்ரீ ஸ்கேட்ல அந்த பொண்ணு திரும்பத் திரும்ப விழுந்தா, ஒவ்வொரு தடவையும் அவ்ளோ பெரிய அரங்கம் ஒரே மூச்சா உள்ள இழுத்தது இன்னும் காதுல இருக்கு. அப்பவும் அவளுக்கு வெண்கலம் வந்துச்சு, ஏன்னா மத்த ஜம்ப்பும் ஸ்பின்னும் கால் வேலையும் அவ்ளோ விலை போச்சு. அன்னைக்குத்தான் க்ளென்னுக்கு முதல் தங்கம். 2014-லயே ஜூனியர் நேஷனல் ஜெயிச்சவ, சீனியர் தங்கத்துக்கு பத்து வருஷம் காத்திருக்கா. பத்து வருஷம்ங்குறது அந்த விளையாட்டுல ஒரு ஆயுசு.

நேர்ல பாத்தா டிவியில கிடைக்காத ஒண்ணு கிடைக்கும், அது சத்தம். பிளேடுக்கு ரெண்டு எட்ஜ் இருக்கு, உள்பக்கம் வெளிப்பக்கம், நடுவுல குழிஞ்ச பள்ளம். நல்ல ஸ்கேட்டர் எட்ஜ்ல சாஞ்சு போனா ஐஸ் கிழியுற சத்தமே மெத்துனு இருக்கும், அறுவா நல்லா தீட்டிருந்தா கதிர் அறுக்குறப்ப சரக் சரக்னு ஒரே சீரா வருமே அப்படி. பழகாதவங்க போனா கரகரனு இழுக்கும். எட்ஜ்தான் இந்த ஆட்டத்தோட எழுத்து. லட்ஸுனா பின்னால போயிக்கிட்டே வெளி எட்ஜ்லேர்ந்து தாவணும், ஃப்ளிப்புனா உள் எட்ஜ்லேர்ந்து. ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும். நெறைய பேர் லட்ஸுக்கு வெளி எட்ஜ்ல நீளமா வந்துட்டு கடைசி நொடியில காலு உள்ள சாஞ்சுடும், டெக்னிக்கல் பேனல் அத பாத்துட்டா ரிசல்ட் ஷீட்ல அந்த வரியில 'இ'ங்குற எழுத்து விழும், விலை குறையும், தரமும் குறையும். ஆக்ஸல கண்டுபிடிக்கிறது மட்டும் ரொம்ப ஈசி, அது ஒண்ணுதான் முன்னால பாத்து தாவுறது, அதனாலதான் அதுல அரை சுத்து கூட வரும், ட்ரிபிள் ஆக்ஸல்னா மூணரை சுத்து. பாப்பாவுக்கு முதல்ல இத சொல்லிக் குடு, முகத்த பாத்து தாவுனா ஆக்ஸல், அவளே எண்ண ஆரம்பிச்சுடுவா.

அந்த ரிசல்ட் ஷீட்டுக்கு ப்ரோட்டோகால்னு பேரு, போட்டி முடிஞ்சதும் வெளியிட்டுடுவாங்க, ஒவ்வொரு ஆளுக்கும் வரி வரியா இருக்கும். யார் முதல், யார் ரெண்டாவதுங்குற பட்டியல மட்டும் பாக்குறவங்களுக்கு கோவம்தான் வரும். வரியா படிச்சா தெரியும், இங்க ஒரு சின்ன அம்புக்குறி, சுத்து குறைஞ்சுது, அங்க ஒரு 'எக்ஸ்', ஆட்டத்தோட பின்பாதியில கடைசி மூணு ஜம்ப்புக்கு கிடைக்கிற பத்து சதவீத போனஸ், ஏன்னா கால் ஓஞ்சப்புறம் தாவுறது கஷ்டம். இதெல்லாம் கூட்டுனா டெக்னிக்கல் மார்க். இன்னொரு பாதி கம்போசிஷன் (ஆட்டத்தோட அமைப்பு), ப்ரசன்டேஷன் (வெளிப்பாடு), ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் (பிளேடு மேல இருக்குற பிடி)னு மூணு, ஒவ்வொண்ணும் பத்துக்கு. பொண்ணுங்க ஃப்ரீ ஸ்கேட்ல அத 2.67-ஆல பெருக்குவாங்க, ஆக அதிகபட்சம் 80.1. நம்ம பரதநாட்டியம் கத்துக்குறவங்களுக்கு இது புதுசே இல்ல, அரைமண்டி சரியா உக்காந்திருக்கா, தாளத்துல நிக்குதா, முகத்துல பாவம் இருக்கா, மூணையும் தனித்தனியா பாக்குற அதே கண்ணுதான். என் அபிப்பிராயம், இந்தப் பாதியில பேர் போன ஆளுங்களுக்கு கொஞ்சம் தாராளமா விழும், அது எல்லா நாட்டு நேஷனல்லயும் உண்டு.

அதனாலதான் நேஷனல் ஸ்கோர உலக சாதனை பட்டியல்ல சேக்கமாட்டாங்க. அதே விச்சிட்டாவுல இலியா மாலினின் ஷார்ட்ல 114.08, ஃப்ரீல 219.23, மொத்தம் 333.31 எடுத்தான், அடுத்து வந்தவங்கள விட நாப்பது பாயிண்ட்டுக்கும் மேல. 2022 செப்டம்பர்ல லேக் ப்ளாசிட்ல க்வாட் ஆக்ஸல, அதாவது நாலரை சுத்த, போட்டியில முதன்முதலா எறங்குன பையன் இவன், அப்பா அம்மா ரெண்டு பேருமே உஸ்பெகிஸ்தானுக்கு ஆடுன ஸ்கேட்டருங்க. ஆனா அந்த 333.31-ஐ 2019-ல நேதன் சென் டுரின்ல எடுத்த 335.30 பக்கத்துல வெச்சு ஒப்பிடக் கூடாது, அது சர்வதேச ஜட்ஜுங்க போட்டது, இது வீட்டுல போட்டது. இந்த விலைப்பட்டியல் முறையே ஒரு பெரிய சண்டையில பொறந்தது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்ஸ்ல ஜோடிப் பிரிவுல அஞ்சுக்கு நாலுனு ஜட்ஜுங்க பிரிஞ்சு ரஷ்ய ஜோடிக்கு தங்கம் குடுத்தாங்க, அப்புறம் ஃப்ரெஞ்சு ஜட்ஜு மேல புகார் வந்து, கனடா ஜோடிக்கும் இன்னொரு தங்கம் குடுக்க வேண்டி வந்துச்சு. அதோட ஆறு மார்க்குக்கு இவ்ளோங்குற பழைய முறை போச்சு, அமெரிக்க நேஷனல்ல 2006-லேர்ந்து இந்தப் புது முறை.

இப்ப அந்த நாலாவது மெடல். ஒலிம்பிக்ஸ்ல மூணுதான், ஆனா அமெரிக்க நேஷனல்ல நாலாவது வந்தவங்களுக்கும் மெடல் உண்டு, மேடையிலயும் எடம் உண்டு. அதுக்கு பியூட்டர் மெடல்னு பேரு. பியூட்டர்னா பெரும்பகுதி வெள்ளீயம், கூட கொஞ்சம் வேற உலோகம் கலந்தது. கும்பகோணத்துக்காரன் கிட்ட அத பத்தி தனியா சொல்லணுமா, நம்ம வீட்டு ரசம் வெக்கிற ஈயச்சொம்புக்கு அது ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி. அடுப்புல சும்மா வெச்சா உருகி ஓடிடும், ஆனா அதுல வெச்ச ரசத்தோட ருசி வேற எதுலயும் வராது. தங்கம் வெள்ளி வெண்கலத்துக்கு அடுத்து ஈயத்த வெச்சு ஒரு ஆள மதிக்கிறாங்களேங்குறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

2025 விச்சிட்டாவுல ஆண்கள் பிரிவுல அந்த ஈய மெடல வாங்குன பையன் பேரு மாக்சிம் நௌமோவ். அவனோட அப்பா வாடிம் நௌமோவ், அம்மா எவ்ஜெனியா ஷிஷ்கோவா, 1994-ல ரஷ்யாவுக்காக ஜோடியா உலக சாம்பியன் ஆனவங்க, அப்புறம் அமெரிக்காவுல கோச்சுங்களா இருந்தாங்க, இவனுக்கும் அவங்கதான் கோச்சு. நேஷனல் ஜனவரி 26 ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது. அடுத்து சின்னப் பசங்களுக்கு ஒரு ட்ரெய்னிங் கேம்ப் அதே ஊர்ல, அதுக்காக பெத்தவங்க தங்கிட்டாங்க, பையன் திங்கக்கிழமையே ஊருக்குக் கெளம்பிட்டான். 29-ஆம் தேதி ராத்திரி விச்சிட்டாவுலேர்ந்து வாஷிங்டன் போன விமானம் எறங்குற நேரத்துல ராணுவ ஹெலிகாப்டர் ஒண்ணு மோதி ரெண்டும் பொட்டோமாக் ஆத்துல விழுந்துச்சு. 67 பேர் போயிட்டாங்க. அதுல 28 பேர் ஸ்கேட்டிங் குடும்பத்த சேந்தவங்க, கேம்ப்புக்கு வந்த பசங்க, அவங்கள கூட்டிட்டு வந்த அப்பா அம்மாக்கள், கோச்சுங்க. அந்தப் பையனோட அப்பா அம்மா ரெண்டு பேருமே அதுல இருந்தாங்க. மார்ச் 2-ஆம் தேதி வாஷிங்டன்ல நினைவு நிகழ்ச்சி வெச்சப்ப அவன் வந்து ஆடுனான். நான் இங்கேர்ந்து பாத்தேன். ஆடி முடிச்சு ஐஸ்ல முட்டி போட்டு அழுதப்ப எங்க வீட்டுல யாரும் பேசல. அதனால நீ அந்த நாலு பேர் நிக்கிற படத்த பாக்குறப்ப ஓரத்துல நிக்கிறவங்களையும் கொஞ்ச நேரம் பாரு.

இது அமெரிக்க ஸ்கேட்டிங்குக்கு ரெண்டாவது அடி. 1961-லயும் நேஷனல் முடிஞ்ச கையோட இதே மாதிரி நடந்துச்சு. கொலராடோ ஸ்ப்ரிங்ஸ்ல நேஷனல், அதுல பெண்கள் தங்கம் லாரன்ஸ் ஓவனுக்கு, பதினாறு வயசு. அவ அம்மா மாரிபெல் வின்சன் ஓவன் தானே ஒம்பது தடவை நேஷனல் ஜெயிச்சவங்க, அந்த ஒம்பத அப்புறம் மிஷெல் க்வான் ஒருத்திதான் தொட்டா. மொத்த அணியும் ப்ராக் நகரத்துக்கு உலகப் போட்டிக்குப் போறப்ப பிப்ரவரி 15-ஆம் தேதி ப்ரஸ்ஸல்ஸ் பக்கத்துல விமானம் விழுந்து யாருமே பிழைக்கல, அணியோட பதினெட்டு ஸ்கேட்டரும் போனாங்க, அம்மாவும் லாரன்ஸும் அவ அக்காவும் சேத்து. அந்த வருஷம் உலகப் போட்டியையே ரத்து பண்ணிட்டாங்க. பெக்கி ஃப்ளெமிங்னு ஒரு பன்னெண்டு வயசு பொண்ணோட கோச்சும் அந்த விமானத்துல இருந்தாரு, அந்தப் பொண்ணுதான் 1968-ல ஒலிம்பிக் தங்கம் வாங்குனா. 2025 விபத்துக்கு மறுநாள் டிக் பட்டன் காலமானாரு, 95 வயசு, ஏழு தடவை நேஷனல், ரெண்டு ஒலிம்பிக் தங்கம், பழைய தலைமுறைக்கு டிவியில இந்த விளையாட்ட சொல்லிக் குடுத்த குரலே அவருதான். ஒரே வாரத்துல அத்தனையும். விச்சிட்டா ரிசல்ட்ட இத விட்டுட்டு என்னால பேச முடியாது.

அடுத்தது வெண்கலப் பொண்ணு. சாரா எவர்ஹார்ட் 207.36 எடுத்து மூணாவது. மார்ச்ல பாஸ்டன்ல நடந்த உலகப் போட்டிக்கு அமெரிக்காவுக்கு மூணு எடம் இருந்துச்சு, க்ளென், லியூ போனாங்க, மூணாவது எடம் லெவிட்டோவுக்குப் போச்சு. லெவிட்டோ கால்ல அடிபட்டு நேஷனல்ல ஆடவே இல்ல. அநியாயமா தெரியுதுல்ல, எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. அவங்க விதி என்னன்னா, நேஷனல் ஒரு முக்கியமான கணக்கு, ஆனா அது மட்டுமே கணக்கு இல்ல, ஒரு குழு உக்காந்து ரெண்டு வருஷத்து சர்வதேச போட்டிகளையும் சேத்துப் பாக்கும். லெவிட்டோ 2024-ல உலகப் போட்டியில வெள்ளி வாங்குனவ. பாஸ்டன்ல போயி நாலாவது வந்தா, க்ளென் அஞ்சாவது, நேஷனல்ல வெள்ளி வாங்குன லியூ உலக சாம்பியன் ஆயிட்டா, 2006-ல கிம்மி மைஸ்னருக்கு அப்புறம் ஒரு அமெரிக்க பொண்ணு உலகப் பட்டம் வாங்குறது இதான் முதல் தடவை. குழு எடுத்த முடிவு பலிச்சுது. ஆனா எப்பவும் நெஞ்சுக்கு ஒத்துக்குற மாதிரி இருக்காது. 2014-ல நேஷனல்ல மூணாவது வந்த மிராய் நகாசுவ விட்டுட்டு நாலாவது வந்த ஆஷ்லி வாக்னர சோச்சி ஒலிம்பிக்ஸுக்கு அனுப்புனாங்க. நகாசு அழுதுட்டு விட்டுப் போகல, இருபது வயசுக்கு மேல ட்ரிபிள் ஆக்ஸல் கத்துக்கிட்டு 2018 ஒலிம்பிக்ஸ்ல அத சுத்தமா எறங்குனா, ஒலிம்பிக்ஸ்ல அத போட்ட முதல் அமெரிக்க பொண்ணு அவதான். அந்த வயசுல அந்த ஜம்ப்ப புதுசா கத்துக்குறது எவ்ளோ கஷ்டம்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

கடைசியா நம்ம பாப்பா. ரோலர்லேர்ந்து ஐஸுக்குப் போக முடியுமானு கேட்டல்ல, டாரா லிபின்ஸ்கி மூணு வயசுல ரோலர்லதான் ஆரம்பிச்சா, ஒம்பது வயசுல ரோலர்ல அவ வயசுப் பிரிவு நேஷனல் ஜெயிச்சா, 1997-ல பதினாலு வயசுல ஐஸ்ல நேஷனல், அடுத்த வருஷம் ஒலிம்பிக் தங்கம். ஆனா அவ ஆறு வயசுலயே ஐஸ்ல கால் வெச்சுட்டா, அவளுக்கு போயி ஆட ரிங்க் இருந்துச்சு. தஞ்சாவூர் திருவாரூர் நாகப்பட்டினம் மயிலாடுதுறை நாலு ஜில்லா தேடினாலும் நமக்கு அறுபது மீட்டர் நீளம் முப்பது மீட்டர் அகலம் உள்ள ஐஸ் ரிங்க் ஒண்ணு கிடையாது. நாட்டுலயே முழு அளவு உள்ளரங்க ரிங்குனா டேராடூன்ல 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுக்காக கட்டினது, அதுவும் ரொம்ப வருஷம் மூடிக் கிடந்து 2025-லதான் திரும்ப உயிர் வந்துச்சு. நம்ம நேஷனல் பெண்கள் பட்டத்த பல தடவை வாங்கிருக்குற தாரா பிரசாத் அமெரிக்காவுல பொறந்து அங்கயே பயிற்சி எடுத்து இந்திய குடியுரிமை வாங்கி ஆடுறவ. இது பாப்பாவ பயமுறுத்த இல்ல, நீ வீட்டுல கணக்கு போட்டுக்கணும்ங்குறதுக்காக சொல்றேன்.

ஆனா ரோலர்லயே ஆர்ட்டிஸ்டிக்னு ஒரு முழு விளையாட்டு இருக்கு, அதே ஆக்ஸல், அதே லட்ஸ், அதே ஸ்பின், சக்கரத்துல. ஹைதராபாத் பக்கத்து அனூப் குமார் யாமா 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டுல இதுல தனியாவும் ஜோடியாவும் ரெண்டு வெண்கலம் வாங்குனவரு, அர்ஜுனா விருதும் வந்துச்சு. ஐஸே தொடாம இவ்ளோ தூரம் போகலாம். நம்ம பக்கம் பெரும்பாலும் க்ளாஸ் எடுக்குறது ஸ்பீடு ஸ்கேட்டிங்தான், ஒரே வரிசையில சக்கரம் வெச்ச ஷூ, வேகமா ஓட்டத்தான் சொல்லித் தருவாங்க. நீ போயி மாஸ்டர் கிட்ட கேளு, ரெண்டு ரெண்டா நாலு சக்கரம் உள்ள ஷூவுல, முன்னால ஸ்டாப்பர் இருக்குறதுல, பின்னால போறதுக்கும் ஒத்தக் கால்ல வளைஞ்சு போறதுக்கும் சொல்லித் தருவீங்களானு. அத கேட்டுட்டு அவரு என்ன சொல்றாருங்குறத எனக்கு சொல்லு. ஷூ ஒரு சைஸ் பெருசா வாங்கி ரெண்டு வருஷம் ஓட்டலாம்னு பாக்காத, கணுக்கால் உள்ள ஆடுச்சுன்னா எட்ஜ் எப்பவும் வராது. நாட்டிய க்ளாஸ நிறுத்தாத. அரைமண்டி உக்காந்து பழகுன தொடையும் இடுப்பும் லேண்டிங்குக்கு அப்படியே கை குடுக்கும். ஜம்ப் எதுவும் இப்ப வேணாம், ஆறு மாசம் வெறும் எட்ஜ், வலது கால்ல வெளிப்பக்கம் ஒரு அரைவட்டம், உள்பக்கம் ஒரு அரைவட்டம், அப்புறம் இடது கால். தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு அது மேலயே போகச் சொல்லு.